லாரியில் வந்த வீடு

என் தம்பியின் வீடு காலையிலேயே லாரிகளில் வந்து சேர்ந்தது. கட்டில் லாரியில் வரும், பீரோ வரும். வீடே லாரி ஏறி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சுவர்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி, விடியற்காலை பஸ்ஸில் தூங்கி வழிகிறவர்களைப் போல வந்தன.

ரெடிமேட் சட்டை மாதிரி இது ரெடிமேட் வீடு. எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் சுவரைச் செய்து, ஜன்னலைப் பொருத்தி, ஒயரை உள்ளே ஓட்டி, ஒவ்வொன்றின் மேலும் நம்பர் எழுதி அனுப்பிவிடுவார்கள். இங்கே கொண்டுவந்து கிரேனில் தூக்கி நிறுத்தி, போல்ட்டைப் போட்டு முறுக்கினால் பொழுது சாய்வதற்குள் வீடு. இதைச் சொல்லும்போதெல்லாம் தம்பி ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல் கண்ணை விரிப்பான். "சிமெண்ட் மூட்டை இல்ல, தூசி இல்ல, கொத்தனார் பின்னாடி அலைய வேண்டாம்க்கா." அலைய வேண்டாம் என்பதுதான் விஷயம். சின்ன வயதில் பென்சில் சீவக்கூட என்னிடம் நீட்டிய பிள்ளை அவன். வளர்ந்து பெரியவனாகி, வீட்டைச் சீவித் தருகிற கம்பெனியைக் கண்டுபிடித்துவிட்டான்.

நான் பஸ் நிலையத்தில் விசாரணை கவுண்டரில் உட்காருகிறவள். நடுவில் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் வட்டமாக ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஜனங்கள், இந்தப் பக்கம் நான். தலைக்கு மேல் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதைக் குனிந்து என்னிடம் கேட்பார்கள். நான் சொன்ன பதிலைப் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வார்கள். இத்தனை வருஷம் அந்த ஓட்டை வழியாக மனித குலத்தைப் பார்த்தவளுக்கு யார்மீதும் பெரிய மரியாதை மிஞ்சாது. தம்பி மீது அதற்கு முன்பிருந்தே கிடையாது.

அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு மனையில் போய் உட்கார்ந்தது வேடிக்கை பார்க்க இல்லை. தம்பி என்னை மூன்றாவது தடவை கேட்பான் என்றுதான் போனேன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் எதையும் கேட்ட மாத்திரத்தில் சரி என்று சொல்லக் கூடாது. அது அலைகிற ஆளின் லட்சணம் என்பது எங்கள் அப்பாவின் கட்சி. முதலில் வேண்டாம் என்று சொல்வது மரியாதைக்கு. மறுபடி கேட்டால் மறுபடி வேண்டாம், அது கேட்கிறவன் மனசாரத்தான் கேட்கிறானா என்று பார்க்க. மூன்றாவது தடவையும் கேட்டால், "இவ்வளவு சொல்றீங்க, சரி" என்று அவர்களுக்காக இறங்கி வருவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாய் சாப்பாட்டுக்கும் இதுதான், கல்யாணத்துக்கும் இதுதான். அப்பா ஒரு தடவை பதவி உயர்வையே இப்படி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதிகாரி திரும்பக் கூப்பிடுவார் என்று ஓய்வு பெறும்வரை காத்திருந்தார்.

என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் முதல் வேண்டாமிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் இரண்டாவது தடவையும் வந்தார். நல்ல மனிதர், பொறுமைதான் போதவில்லை. அதனால்தான் நான் தனி ஆள். தம்பிக்காக வாழ்க்கையைத் தியாகம் செய்தவள் என்று உறவுக்காரர்கள் யாராவது உருகினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தம்பி பெண்டாட்டி வேறு மாதிரி வீட்டில் வளர்ந்தவள். அங்கே கேட்டால் கேட்டதுதான், சொன்னால் சொன்னதுதான். அவள் வந்த புதிதில் எங்கள் சித்தப்பா ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார். தட்டில் டீயோடு வந்து, "சாப்பிடறீங்களா மாமா?" என்று கேட்டாள். "இப்ப எதுக்கும்மா, வேண்டாம்" என்றார் சித்தப்பா. "சரி மாமா" என்று தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனவள்தான். சித்தப்பா எச்சில் விழுங்கிக்கொண்டே மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். சாகும்வரை அந்த டீயைப் பற்றிப் பேசினார். அவளுக்கு மட்டும் இன்றுவரை விஷயம் தெரியாது. எங்கள் யாருக்கும் அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. "எங்களை மூணு தடவை கேளு" என்று சொல்லிக் கேட்க வைத்தால் அப்புறம் அதில் என்ன மரியாதை இருக்கிறது?

தம்பி, அவன் பெண்டாட்டி, வெளியூரில் படிக்கிற அவர்கள் மகள், நான், எல்லோரும் ஒரு வாடகை வீட்டின் மாடியில் ஒன்றாகத்தான் இருந்தோம். மாடியை இடித்துக் கட்டப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அப்போதுதான் இந்த மனையும் இந்த லாரி வீடும். ஒருநாள் தம்பி சாப்பாட்டு மேஜையில் படத்தை விரித்து, "கீழ, பக்கத்துத் தெருவைப் பாத்த இந்த ரூம் உனக்குக்கா" என்றான்.

"டப்பாக்குள்ள போட்டு வைக்க நான் என்ன செருப்பா? எனக்கு வேண்டாம்பா" என்றேன். அதோடு விடவில்லை. "அதுல வேற ஜன்னலை ஜெயில் மாதிரி உச்சியில வெச்சிருக்கான். உக்காந்தா தெரு தெரியற மாதிரி தாழ்வா வைக்கத் தெரியாதா?" என்றும் ஒரு குத்து குத்தினேன். அவன் பென்சிலால் அந்த ஜன்னலைக் கீழே இறக்கி வரைந்தான். அதை நான் கவனித்துக்கொண்டேன்.

அவர்கள் வேலைக்குப் போன பிறகு அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் அளந்து பார்ப்பேன். கட்டில் உள்சுவரை ஒட்டி. ஜன்னலோரம் நாற்காலி. கதவுக்குப் பின்னால் என் துணி அலமாரி நிற்குமா நிற்காதா என்பதுதான் கொஞ்சம் கவலை. கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நடந்துவிடுவேன், அவ்வளவு பாடம் ஆகியிருந்தது.

இரண்டாவது தடவை சமையலறை வாசலில் நின்று கேட்டான். "கம்பெனியில கேக்கறாங்கக்கா. நிஜமாவே வரலையா?" அவன் கேட்ட தோரணையே பிடிக்கவில்லை. "ஒரு தடவை சொன்னா காதுல ஏறாதா? ஆபீஸ் பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்றேன். பேச்சுக்கு வலு வேண்டுமே என்று ஒருநாள் அந்த ஹாஸ்டலுக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். இரும்புக் கட்டில், ஒட்டடை, பல் தேய்க்கக்கூட நேரம் குறித்து வைத்திருக்கும் வார்டன். அந்த அறையின் நாற்றத்தையும் வார்டனின் மூக்கையும் வீட்டில் வந்து விலாவாரியாகச் சொன்னேன். இதற்கு மேலும் ஒருவன் மூன்றாவது தடவை கேட்காமல் இருப்பானா?

நாட்கள் போயின, அவன் கேட்கவில்லை. எனக்குப் பதற்றமும் இல்லை. எனக்குத் தெரிந்த வீடுகள் எல்லாம் மெதுவாக எழும்புகிறவை. அஸ்திவாரம் போடுவார்கள், கொத்தனார் காணாமல் போவார், மழை வரும், சண்டை வரும். ஜன்னலுக்கு இடம் விடுகிற நாள் வரைக்கும் மனசு மாற அவகாசம் இருக்கும். தம்பி நாடகக்காரன், அறை எழும்பி நிற்கும்போது என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், "பாத்தியா உன் ரூமை, வந்துடுக்கா" என்று கேட்பான் என்று முடிவே செய்திருந்தேன். அன்றைக்கு நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொண்டு போனதும் அதற்குத்தான்.

முன்னமே சிமெண்டில் தளம் போட்டு, எந்தச் சுவர் எங்கே என்று நீலக் கோடு அடித்து வைத்திருந்தார்கள். மனை முனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வேலையை நடத்துகிறவர் வாயில் ஒரு விசிலை வைத்திருந்தார். ஒரு ஊதலுக்குத் தூக்கு, இரண்டுக்கு நிறுத்து, நீளமாக ஊதினால் இறக்கு. நான் அவருக்கு விசில்காரர் என்று பேர் வைத்தேன். அவர் ஊதினார், முதல் சுவர் லாரியிலிருந்து கிளம்பியது. ஆட்கள் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முரட்டு மாட்டை ஓட்டுகிற மாதிரி அதைக் கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தளத்தில் உட்கார்ந்ததும் சாய்வாக இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, போல்ட்டை முறுக்கினார்கள். ஒரு பாட்டு கேட்டு முடிக்கிற நேரத்தில் ஹாலுக்கு ஒரு பக்கம் சுவர் வந்துவிட்டது.

போய்த் தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்றது. இரும்புச் சட்டத்தில் இரண்டு பக்கமும் பலகையை அறைந்து, நடுவில் பஞ்சைத் திணித்திருக்கிறார்கள். தலையணைக்குள் குடித்தனம் நடத்தப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சுவரும் சுவரும் சேருகிற இடுக்கில் ஒருவன் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து நுரையைப் பீச்சினான். அது புசுபுசுவென்று உப்பிப் பிதுங்கியது. முகச்சவரம் செய்துகொள்ள உட்கார்ந்த வீடு மாதிரி இருந்தது.

தம்பி தலையில் மஞ்சள் ஹெல்மெட். யார் கொடுத்தார்களோ, கழற்ற மனசில்லாமல் திரிந்தான். "மெதுவா, மெதுவா!" என்று கத்துவான். அவன் கத்துவதற்கு முன்பே சுவர் இறங்கியிருக்கும். ஒரு கையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்து மகளுக்கு நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தான். "உன் ரூம் சுவர் பறக்குது பாரு! பாரு, பறக்குது!"

"அப்பா, வானம்தான் தெரியுது. ஃபோனை நேரா பிடிங்க" என்றது அவள் குரல். "அத்தை எங்க? அத்தைகிட்ட குடுங்க." ஃபோன் என் மூக்குக்கு நேரே வந்தது. "அத்தை, வீடு எப்படி இருக்கு?"

"தீப்பெட்டிக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு. உங்கப்பாதான் உள்ள இருக்கற குச்சி, தலையில மட்டும் மஞ்சளா ஒரு மருந்து" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கயிறு பிடித்திருந்தவர்களும் சிரித்தார்கள். தம்பி சிரிக்காமல் ஃபோனை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். ஒரு நாலு வார்த்தை தாங்க மாட்டான், தொட்டாற்சுருங்கி.

தம்பி பெண்டாட்டி ஃபிளாஸ்கோடு வந்தாள். வேலையாட்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு என் முன்னால் நின்று, "டீ வேணுமா அண்ணி?" என்றாள். "வேண்டாம்" என்றேன். "சரி" என்று போய்விட்டாள். எனக்குத் தொண்டை காய்ந்துதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கையால் டீ குடிக்க நான் கண்ட ஒரே வழி, அவள் அந்தப் பக்கம் போனதும் நானே போய் ஊற்றிக்கொள்வது. அப்படியே செய்தேன். எதையும் யோசிக்காமல் நேர்கோட்டில் போகிற ஜென்மம் என்று அவளைப் பற்றி நினைத்துக்கொண்டே குடித்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். தன் வீட்டைத் தானே பக்கத்தில் நின்று, ஒவ்வொரு செங்கல்லாகத் தட்டிப் பார்த்துக் கட்டியதாகத் தொடங்கினார். அப்படிக் கட்டுகிறவர்களையும் எனக்குத் தெரியும். செங்கல்லைத் தட்டுகிறேன் என்று கொத்தனாரை வேலை செய்யவிடாமல் அடிப்பார்கள். "இதெல்லாம் ஒரு வீடா? நல்லா ஒரு காத்து அடிச்சா பட்டம் மாதிரி போயிடும். உங்க தம்பி நல்லா ஏமாந்துட்டார்" என்று சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் தம்பியைப் பேச நான் இருக்கிறேன், இவர் யார்? "உங்க வீட்டு மாடி ஓரமெல்லாம் பச்சைப் பசேல்னு பாசி புடிச்சு ஒழுகுதே, முதல்ல அதைப் பாருங்க. இங்க ஒரு சொட்டு இறங்காது. மிஷின்ல வெச்சு அளந்து செஞ்சது" என்றேன். மனிதர் மடித்துக் கட்டியதை அவிழ்த்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். 'இங்க' என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அதை நானே கவனித்தேன். அந்த டொக் டொக் டப்பாவின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஹாஸ்டல் இரும்புக் கட்டில் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே யாரைத் திட்டுவேன்?

குளியலறை மொத்தமாக ஒரே பெட்டியாக வந்தது. குழாய், கண்ணாடி, சோப்புத் தட்டு, காகிதம் சுற்றிய கழிப்பறைத் தொட்டி எல்லாம் உள்ளேயே இருந்தன. அதைத் தூக்கும்போது கதவு லேசாகத் திறந்துகொண்டது. வானத்தில் ஒரு கக்கூஸ் மிதந்து போவதைப் பார்த்தபோது என் நாக்கு பரபரவென்று அரித்தது. தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். கேட்கப் போகிற நேரத்தில் அவனை எதற்குக் கிளற வேண்டும் என்றுதான். குளியலறைக்கு அடுத்தது என் அறை. அதன் உள்சுவர் நின்றுவிட்டது, கதவு நிலை நின்றுவிட்டது. பக்கத்துத் தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் நீலக் கோடு காலியாகக் கிடந்தது.

நாற்காலியை விட்டு எழுந்து கிட்டே போனேன். தம்பி அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, எப்போதோ முறுக்கி முடித்த போல்ட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கப்படுகிறான், வார்த்தையைக் கூட்டிக்கொண்டிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். "சரி, இவ்வளவு சொல்றே" என்று சொல்வதற்கு ஏற்ற முகத்தை நானும் தயார் செய்துகொண்டேன்.

விசில்காரர் ஊதினார். கடைசி லாரியிலிருந்து அந்தச் சுவர் எழுந்தது. ஒருவன் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து இழுத்தான். உள்ளே ஜன்னல் இல்லை. வெள்ளையாக ஒரு மொட்டைச் சுவர். இடுப்பு உயரத்தில் இரண்டு வட்ட ஓட்டை, உச்சியில் ஒரு சின்னக் காற்றுத் துவாரம், அவ்வளவுதான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். மைக் கெட்டுப்போன நாட்களில் பஸ் நிலையத்தின் கடைசி நடைமேடைவரை கேட்கிற குரல் அது. விசில்காரர் தன்னை அறியாமல் இரண்டு ஊதல் ஊதிவிட்டார். சுவர் ஆள் உயரத்துக்கு மேலே அப்படியே தொங்கியது.

"என்னம்மா?"

"தப்பான சுவரைத் தூக்கியிருக்கீங்க. இங்க ஜன்னல் வரணும். தாழ்வா, உக்காந்தா தெரு தெரியற மாதிரி ஜன்னல். நம்பர் எழுதி அனுப்பியும் மாத்தித் தூக்கறதுன்னா அதுக்குத் தனித் திறமை வேணும்!"

அவர் அண்ணாந்து சுவர் மேலிருந்த நம்பரைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். "சரியான சுவர்தாம்மா. இது துணி துவைக்கிற ரூம். அந்த ஓட்டை மெஷினுக்குத் தண்ணி வர்றதுக்கு, இந்த ஓட்டை தண்ணி போறதுக்கு" என்றார்.

கயிறு பிடித்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு வாசலில் கைலி மறுபடி தெரிந்தது. தம்பி ஃபோனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். அவன் பெண்டாட்டிதான் ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அந்த ரூம்தான் வேண்டாம்னுட்டீங்களே அண்ணி" என்றாள். குத்தலாக இல்லை. பஸ் போய்விட்டது என்று நான் சொல்வேனே, அந்த மாதிரி. "மாத்தறதுன்னா இந்தத் தேதிக்குள்ள சொல்லணும், அப்புறம் மிஷின்ல ஏத்திடுவோம்னு கம்பெனியில சொன்னாங்க. அதான் நான் இவர்கிட்ட, அண்ணிக்கு மனசு மாறியிருந்தாலும் மாறியிருக்கும், எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பினேன். அப்பவும் வேண்டாம்னு சொன்னீங்கன்னார்."

அந்த இரண்டாவது தடவையே அவள் சொல்லி வந்தது. நேர்கோட்டில் போகிற அந்த ஜென்மம் எனக்காக ஒரு தடவை வளைந்திருக்கிறது. நான் தம்பியைப் பார்த்தேன்.

"மூணாவது தடவை ஏன்டா கேக்கல?"

"மூணாவதா?" என்றாள் அவள். "எதுக்கு மூணு?"

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தலைமுடி ஒட்டிப்போய், வயதானவனாகத் தெரிந்தான். "மறந்துட்டேன்க்கா" என்றான்.

"பொய் சொல்லாத." எங்கள் அப்பா வீட்டில் வளர்ந்தவன் எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டான். சைக்கிள் வேண்டுமா என்று அப்பா கேட்டபோது இரண்டு தடவை வேண்டாம் என்று வீரமாகச் சொல்லிவிட்டு, மறுபடி கேட்பாரோ மாட்டாரோ என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுத பயல் இவன். "உனக்குத் தெரியும். ஏன் கேக்கல, சொல்லு."

அவன் தொங்குகிற சுவரைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், கடைசியில் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கேட்டா நீ வந்துருவியேக்கா."

கிரேன் இஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஆரம்பித்துவிட்டதால் அவனால் நிறுத்த முடியவில்லை. "படத்தை விரிச்ச நாள்லேர்ந்து நீ பேசினதெல்லாம் கேட்டுட்டுதான் இருக்கேன். செருப்பு டப்பா, தீப்பெட்டி, குச்சி. என் பொண்ணு சிரிக்கறா, வேலைக்கு வந்தவங்க சிரிக்கறாங்க. நான் சட்டை போட்டா சொல்லுவ, சாப்பிட்டா சொல்லுவ, தும்மினா சொல்லுவ. ஒரு வீட்டுலயாவது காலைல எழுந்து, யாரும் எதுவும் சொல்லாம, ஒரு டீ குடிக்கணும்க்கா. அவ்வளவுதான்." அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் பிய்த்து எறிந்திருப்பேன். கெஞ்சுகிற மாதிரி சொன்னான்.

எனக்கு அழுகை வந்தது. அழுகைக்கு முன்னால் அருவருப்பு வந்தது. கேட்காமல் போகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. கேட்டால் வந்துவிடுவேனோ என்று பயந்து ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தது புதிது. 'வராதே' என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட அவன்மீது ஒரு துளி மரியாதை வந்திருக்கும். அதற்குத் துப்பில்லை. அப்பாவின் சட்டத்தையே எடுத்து, என் வேண்டாம் இரண்டையும் வைத்து எனக்குச் சுவர் எழுப்பிவிட்டான். அலையாமல் காரியம் முடிக்கிறவன் ஆயிற்றே. அதையும் தொழிற்சாலையில் கொடுத்துச் செய்துகொண்டான்.

தம்பி பெண்டாட்டி அவனை ஒரு பார்வை பார்த்தாள். நான் அவனை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன், அந்தப் பார்வை எனக்கு வந்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது அண்ணி. இப்ப நான் கேக்கறேன். எங்ககூட வர்றீங்களா? வர்றேன்னா சொல்லுங்க. சுவரைத் திருப்பி அனுப்பலாம், இல்ல ஹால்ல ஒரு பக்கம் தடுக்கலாம், ஏதாவது பண்ணிக்கலாம்."

அவள் கேட்டால் அது ஒரே ஒரு தடவைதான். அது எனக்குத் தெரியும். வர்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேட்ட உடனே சரி என்று சொல்லத் துணிந்தது என் ஆயுசில் அது ஒரு தடவைதான். அலைகிறவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு அந்த அறை வேண்டும், இவர்கள் வேண்டும், காலையில் எழுந்ததும் ஏதாவது சொல்ல எதிரில் ஒரு முகம் வேண்டும்.

அப்போது தம்பியின் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. வேண்டிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்" என்றேன்.

"சரி அண்ணி" என்றாள். நான் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டாள். நானும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன்.

தம்பி மூச்சை விட்டான். அந்தச் சத்தம் இஞ்சின் உறுமலையும் மீறி எனக்குக் கேட்டது.

நிறுத்தச் சொன்னது நான் என்பதால் விசில்காரர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவன், "கை வலிக்குதுங்க" என்றான்.

"என்னம்மா," என்றார் விசில்காரர், "இறக்கவா?"

"இறக்குங்க," என்றேன். "சரியான சுவர்தான்."